கொய்யா மரமும் கோனியாமீட்டரும்

பூக்காரம்மாவிடம் ஸ்கேல் இருக்காது. சரத்தின் ஒரு முனையை நடுவிரல் நுனியில் பிடித்துக்கொண்டு முழங்கை வரைக்கும் இழுப்பார். அது ஒரு முழம். திரும்ப நுனிக்கு வந்து இன்னோர் இழுப்பு, இரண்டு முழம். "கை குட்டையா இருக்கிற அம்மாகிட்ட பூ வாங்காதே, நமக்குத்தான் நஷ்டம்" என்று என் அம்மா சொல்லி அனுப்புவார். ஆளுக்கு ஆள் மாறும் அளவுகோல்தான். ஆனாலும் தொலையாத அளவுகோல்.

அந்த அளவுகோல் முடியும் இடமான முழங்கையைத்தான் நான் தினமும் பிடித்துப் பார்க்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். அரசாங்கத் தமிழில் இயன்முறை மருத்துவர். ஊசி போட மாட்டேன், மாத்திரை எழுத மாட்டேன். அதனால் முதல் நாள் எல்லாக் குழந்தைகளுக்கும் என்னைப் பிடித்துவிடும். "இன்னும் பத்துத் தடவை மடக்கு" என்று சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பிரியம் கொஞ்சம் குறையும்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்ளுங்கள். இதைத் தொட்டுத் தொட்டுத்தான் படிக்க வேண்டும்.

முதலில் வலது கையை மடக்கி, பின்பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இடது கை விரலால் தொடுங்கள். அது அல்னா என்ற எலும்பின் மேல்முனை. அங்கிருந்து விரலை மெல்லக் கீழே இழுத்துக்கொண்டே போனால் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு வரை ஒரே வரப்பு மாதிரி எலும்பு தட்டுப்படும். விரலை அந்த வரப்பின் நடுவிலேயே வைத்துக்கொண்டு, கோயிலில் பிரசாதம் வாங்குவது போல உள்ளங்கையை மேலே திருப்புங்கள். இப்போது நாய்க்குட்டியைத் தடவுவது போலக் கீழே கவிழுங்கள். வரப்பு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறதா? கட்டைவிரல் பக்கம் இருக்கும் இன்னோர் எலும்பு, ரேடியஸ், அதுதான் அல்னாவின்மேல் குறுக்கே உருண்டு போய்விட்டு வருகிறது. தோளிலிருந்து இறங்கி வரும் ஹியூமரஸ் மூன்றாவது எலும்பு.

மூன்று எலும்புகளும் ஒரே உறைக்குள் சந்திக்கின்றன. கதவுக் கீல் போல மடக்கி நீட்டுவது ஒரு வேலை, பூட்டில் சாவி திருகுவது போலத் திருப்புவது இன்னொரு வேலை. கதவுக் கீலையே சாவியாகவும் திருகு என்று தச்சரிடம் சொன்னால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். முழங்கை அதைத்தான் செய்கிறது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் ஒரு கணத்துக்குள் மடக்கலும் திருப்பலும் சேர்ந்தே நடக்கின்றன.

பெஞ்ச் விளிம்பில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் 'சுர்'ரென்று கரண்ட் அடிக்குமே, அது எலும்பு வலி இல்லை. முழங்கையின் உள்பக்கத்தில், அதாவது விலாவை ஒட்டிய பக்கத்தில், ஒரு குமிழ் இருக்கிறது. அந்தக் குமிழுக்கும் பின்பக்கக் கூர்முனைக்கும் நடுவில் ஒரு பள்ளம். அல்னார் நரம்பு அந்தப் பள்ளம் வழியாகப் போகிறது. அதற்கு மேலே போர்வையாகத் தோலும் மெல்லிய சவ்வும்தான். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் தொடு உணர்வைக் கொண்டுபோவது இந்த நரம்புதான். அதனால்தான் அடி விழுவது முழங்கையில், ஷாக் அடிப்பது விரலில். அடுத்த தடவை இடித்துக்கொள்ளும்போது அழுவதற்கு முன் எந்த விரல் என்று கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு சோதனைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு துணிப்பையும் வேண்டும். பாட்டிலைப் பையில் போட்டு, முழங்கையை 'எல்' மாதிரி மடக்கி, பையை உள்ளங்கையில் தொங்கவிடுங்கள். இருபது எண்ணும்வரை பிடித்திருங்கள். பிறகு அதே பையை முன்கையின் நடுவில் தொங்கவிடுங்கள். அதே பாட்டில்தான், ஆனால் லேசாகிவிட்டது போல இருக்கும். காரணம் நெம்புகோல். மேற்கையில் புடைக்கிற பைசெப்ஸ் தசை, பெரியவர்களின் கையில், முழங்கைக் கீலிலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் தள்ளி எலும்பில் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை சுமார் 32 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. எட்டு மடங்கு தூரம். எனவே 1 கிலோ பாட்டிலைப் பிடிக்கத் தசை ஏறக்குறைய 8 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. கையின் சொந்த எடை இன்னும் கணக்கில் வரவில்லை.

இது நஷ்ட வியாபாரம் போலத் தோன்றும். ஆனால் தென்னந்துடைப்பத்தை நினைத்துப் பாருங்கள். பிடி லேசாக அசைந்தால் நுனி வாசலின் பாதியைப் பெருக்கிவிடுகிறது. அதே போலத் தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 8 சென்டிமீட்டர் பாய்கிறது. பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறோம். கல்லெறியவும் பந்து வீசவும் நமக்கு முடிவது இந்த வியாபாரத்தால்தான். ஆனால் கையில் இருக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்கை பல கிலோ சுமையைத் தாங்குகிறது. அது கோபித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஒரு பையன் கதைக்கு வருகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன், அவன் இந்த இதழைப் படிப்பவன். மூன்றாம் வகுப்பு. போன வருஷம் காலாண்டு விடுமுறையில் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறினான். பழம் கைக்கு எட்டியது. கிளை காலுக்கு எட்டவில்லை. விழும்போது எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான், கையை நீட்டி ஊன்றினான்.

ஹியூமரஸ் எலும்பு தோளிலிருந்து உருண்டையாகத்தான் இறங்கி வருகிறது. முழங்கைக்குச் சற்று மேலே மட்டும் முன்னும் பின்னும் குழிந்து, நடுவில் மெல்லிய தகடு போல ஆகிவிடுகிறது. கையை முழுசாக நீட்டும்போது அல்னாவின் கூர்முனை போய் உட்காருவதற்கான இடம் அந்தப் பின்பக்கக் குழி. நீட்டிய கையை ஊன்றி விழுந்தால் அந்தக் கூர்முனையே ஆப்பு வைத்தது போல அந்தத் தகட்டில் இடிக்கிறது. குழந்தைகளுக்கு முழங்கையில் ஏற்படும் எலும்பு முறிவுகளில் மிக அதிகமாக வருவது இதுதான். ஐந்து வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை ரொம்ப சகஜம்.

எலும்பு டாக்டர் எலும்பை நேராக்கி, இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி, மாவுக்கட்டுப் போட்டார். கட்டுப் போட்ட அன்று பையன் வீட்டுக்காரர்களிடம் அவர் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிவது கைக்குச் சொந்தக்காரருக்குத்தான். விரல் வீங்கினால், வெளுத்தால், நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், 'காலையில் பார்த்துக்கலாம்' என்று இருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த எலும்புக்கு ஒட்டினாற்போல் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. இறுக்கமான கட்டு, அது யார் போட்ட கட்டாக இருந்தாலும், அந்தக் குழாய்க்கு எமன்.

நாலு வாரம் கழித்துக் கம்பி எடுத்து, கட்டுப் பிரித்து, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் வந்தான். கூடவே அம்மாவும் பாட்டியும். கட்டிலிருந்து வெளியே வந்த கை ஒல்லியாக, தோல் செதில் செதிலாக உரிந்துகொண்டு, அவனுக்கே அது வேறு யாருடைய கையோ போல இருந்திருக்கும். மற்றக் கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சோத்துக்கை வாய்க்கு எட்ட மாட்டேங்குதும்மா. பீச்சாங்கையால திங்கிறான்" என்றார் பாட்டி. எலும்பு முறிந்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய துக்கம்.

என் மேசையில் கோனியாமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. பெரிய பெயர், சின்னப் பொருள். உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானியில் இரண்டு நீளக் கைகளை ஆணி அடித்துச் சேர்த்தால் அதுதான். ஒரு கையை மேற்கையோடும் இன்னொன்றை முன்கையோடும் ஒட்டி வைத்து, நடுவில் கோணத்தைப் படிக்க வேண்டும். கை முழுசாக நீண்டிருந்தால் 0 என்று கணக்கு. நல்ல முழங்கை 0-லிருந்து சுமார் 145 வரை மடங்கும். அவன் கை நீட்டினால் 40-ல் நின்றது. மடக்கினால் 90-ல் நின்றது.

"அப்போ எனக்கு 50 மார்க்தானா, பிசியோக்கா?" என்று கேட்டான். கழித்தல் சரியாகத்தான் போட்டிருந்தான்.

எலும்பு ஒட்டிவிட்டதே, பின் ஏன் மடங்கவில்லை? மழையில் நனைந்து மூலையில் கிடந்து காய்ந்த தோல் செருப்பை மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முழங்கையைச் சுற்றியிருக்கும் உறை அப்படி ஆகிவிடுகிறது. அடிபட்டதும் வீங்கி, அசையாமல் இருந்து, தடித்துச் சுருங்கிவிடுகிறது. தசையும் இந்த வேலையில்லாத நாட்களில் மெலிந்துவிடுகிறது. தோள்மூட்டில் எலும்புகள் தாராளமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். முழங்கையில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் சுருங்கினாலும் பிடிப்பு அதிகம்.

"அவ்வளவுதானே, நல்லெண்ணெயைச் சுட வச்சு நாலு நாள் நல்லா நீவி இழுத்து விட்டா சரியாப் போயிடும். எங்க காலத்துல அப்படித்தான்" என்றார் பாட்டி. கையோடு எண்ணெய்ப் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசினேன். வேறு பல இடங்களில் நீவி விடுவதால் சுகம் உண்டு, நான் மறுக்க மாட்டேன். அடிபட்ட முழங்கை மட்டும் விதிவிலக்கு. முன்பக்கத்தில் பிராக்கியாலிஸ் என்று ஒரு தசை, எலும்பின்மேலேயே நேராகப் படர்ந்து கிடக்கிறது. எலும்பு முறியும்போது அதுவும் நசுங்கும், உள்ளே ரத்தம் கட்டும். அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தாலோ, பிடித்து வெடுக்கென்று இழுத்தாலோ, தசை மறுபடியும் காயப்படும். காயத்தை ஆற்ற வந்த உடம்பு சில சமயம் குழம்பிப்போய், தசைக்குள்ளேயே எலும்பைக் கட்டத் தொடங்கிவிடும். ஆமாம், தசைக்குள் எலும்பு! எக்ஸ்ரேயில் பஞ்சுமேகம் போலத் தொடங்கி நாளாக நாளாகக் கல்லாகிவிடும். அப்புறம் கீலுக்குள் கல்லை வைத்தால் கதவு எப்படி மூடும்? மடங்க வேண்டும் என்று செய்தது மடங்கவே விடாமல் செய்துவிடும். கை நேராவதற்காக வாளி நிறையத் தண்ணீர் தூக்கச் சொல்வதும் இதே ஆபத்துதான்.

பாட்டி எண்ணெய்ப் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகம் வாடிவிட்டது. "தோலுக்கு மட்டும் தடவுங்க பாட்டி, காஞ்சு கிடக்கு. அழுத்தாம, பூ மாதிரி" என்றேன். அது முழுச் சமாதானம் ஆகவில்லை.

சரி, நீவக் கூடாது, இழுக்கக் கூடாது என்றால் நான் எதற்கு? பல நேரம் நான் செய்வது சண்டை மூட்டிவிடுவது. கையை முடிந்தவரை மடக்கச் சொல்வேன். அங்கே என் உள்ளங்கையை வைத்து, "இப்ப என்னைத் தள்ளி நீட்டப் பார்" என்பேன். மெதுவாக, ஐந்து எண்ணும்வரை தள்ளுவான், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிறகு "விடு, மூச்சு விடு" என்பேன். மடக்க விடாமல் முறைத்துக்கொண்டிருந்த தசை தள்ளிவிட்டு ஓய்ந்த அந்தக் கணத்தில் இளகிவிடும். "இப்ப நீயே மடக்கு." 90 என்று நின்றது 93 ஆகியிருக்கும். நான் ஒரு டிகிரிகூட இழுக்கவில்லை. அவன் தசையே அவனுக்கு வழிவிட்டது. முழங்கை அப்படித்தான். அடுத்தவர் கை வைத்தால் பூட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்.

வீட்டுப்பாடம் இரண்டு கொடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்திருந்துவிட்டு, மேசைமேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்துத் தள்ளி இழுக்க வேண்டும், மேசை துடைப்பது போல. இன்னொன்று, தோசைத் திருப்பியைச் செங்குத்தாகப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். வலித்தால் நிறுத்தலாம். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் வலி போகவில்லை என்றால் அன்று அதிகமாகச் செய்துவிட்டான் என்று அர்த்தம். அடுத்த நாள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நாலே நாளில் அவனுக்கு இரண்டும் சலித்துவிட்டன. துண்டைத் தள்ளுவதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது, பாவம். அப்போதுதான் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. "வீட்டில் பல்லாங்குழி இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. பரணில் இருந்து இறங்கியது. புளியங்கொட்டை இல்லாததால் சோழி. பேரன் வலது கையால் மட்டும்தான் ஆட வேண்டும் என்பது சட்டம். பல்லாங்குழியில் ஆளுக்கு ஏழு குழி. கிட்டத்துக் குழிக்கு மடக்க வேண்டும், தூரத்துக் குழிக்கு நீட்ட வேண்டும், அள்ளும்போது உள்ளங்கை கவிழும், பிடித்துக்கொள்ளும்போது நிமிரும். ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். நான் கொடுத்த பத்துப் பத்தெல்லாம் எந்த மூலைக்கு! தினமும் ஆட்டம் தொடங்கும் முன் பாட்டி பலகையை ஒரு விரற்கடை அவனைவிட்டுத் தள்ளி வைப்பார். அவனுக்கே தெரியாமல் கை நீண்டுகொண்டிருந்தது. நீவி விட முடியாத பாட்டியின் கைக்கும் வேலை கிடைத்தது. அவர் ஏமாற்றித்தான் ஜெயிக்கிறார் என்று புகார் வந்தது. அதில் நான் தலையிடவில்லை.

இங்கே ஒரு ரகசியத்தையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளின் முழங்கை இந்த மாதிரி முறிவுக்குப் பிறகு, பெரும்பாலும், சில மாதங்களில் ஆடி ஓடியே தானாக இளகிவிடும். என் உதவி எல்லோருக்கும் தேவைப்படாது. பெரியவர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் பல்லாங்குழி ஆடுவதில்லையே.

ஒவ்வொரு வாரமும் வருவான், அளப்போம், அவன் நோட்டில் அவனே எழுதுவான். இரண்டாம் வாரம் 35, 100. நாலாம் வாரம் 25, 112. ஒரு வாரம் நகரவே இல்லை. நோட்டை மூடிவிட்டு, "என் கை இனி ஸ்கேல் மாதிரி நேரா வரவே வராதா?" என்றான். எட்டு வயசுக் குரலில் அந்தக் கேள்வி வந்தால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. நான் முத்தையா முரளிதரன் கதையைச் சொன்னேன்.

இலங்கையின் கண்டியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனுக்குப் பிறவியிலேயே பந்து வீசும் கை முழுசாக நீளாது. முழங்கை எப்போதும் சற்று வளைந்தே இருக்கும். கிரிக்கெட்டில் பந்து வீச்சாளர் கையை மடக்கி வைத்திருந்து, பந்தை விடும் நேரத்தில் நீட்டி எறியக் கூடாது. வளைந்தபடியே சுழன்று வரும் கையைத் தூரத்திலிருந்து பார்த்தால் நீட்டி எறிவது போலவே தோன்றும். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் டெஸ்ட். நடுவர் அவர் பந்துகளை ஏழு தடவை 'நோ-பால்' என்றார். அதன் பிறகு அவர் முழங்கையை அளந்ததைப் போல இன்னொரு முழங்கையை உலகத்தில் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ஆய்வகத்தில் கையில் குறிகளை ஒட்டி, பல கேமராக்கள் வைத்து, டிகிரி டிகிரியாக. 2004-ல் முழங்கை நீளவே முடியாதபடி இறுக்கமான உறையை மாட்டிக்கொண்டும் வீசிக் காட்டினார். பந்து அப்போதும் திரும்பியது. மற்றப் பந்து வீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, கண்ணுக்கு நேராகத் தெரிந்த பல கைகளும் கொஞ்சம் நீளத்தான் செய்தன என்று தெரிந்தது. 2005-லிருந்து எல்லோருக்கும் 15 டிகிரி வரை அனுமதி என்று விதியே மாறியது. அந்த வளைந்த கை டெஸ்டில் மொத்தம் 800 விக்கெட் எடுத்தது.

"எண்ணூறா?" என்றான். நோட்டைத் திறந்தான்.

கை முழுசாக நீளாவிட்டாலும் அன்றாட வேலைகள் நடக்குமா என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1981-ல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கதவு திறப்பது, தொலைபேசியில் பேசுவது, தண்ணீர் குடிப்பது மாதிரி வேலைகளுக்கு முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும் என்று அளந்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு 30-லிருந்து 130 வரை போதும் என்று வந்தது. அவர்கள் முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்கள். ரசம் சாதத்தைக் கையால் அள்ளிக் குடிக்கிறவர்களையும் அளந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கேட்டிருப்பார்கள் என்பது என் சொந்த சந்தேகம்.

இதற்கு நடுவில், ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அவன் அம்மா தயங்கித் தயங்கி, "எனக்கும் இங்க வலிக்குதுங்க மேடம்" என்று முழங்கையின் வெளிப்பக்கக் குமிழைக் காட்டினார். எதையும் இடித்துக்கொள்ளவில்லை. துணி பிழிந்தால் வலிக்கிறது. குக்கரை மேடையிலிருந்து தூக்கினால் வலிக்கிறது. தோசைக்கல்லைப் பிடித்தால் வலிக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் டென்னிஸ் எல்போ" என்றேன். அம்மாவும் மகனும் சிரித்தார்கள். அந்த அம்மா டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை.

உங்கள் வெளிப்பக்கக் குமிழைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு ஓர் அங்குலம் கீழே விரலை வைத்து அழுத்திக்கொண்டு, அந்தக் கையின் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குங்கள். விரலுக்கடியில் ஏதோ துள்ளியதா? மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகள் இவ்வளவு தூரம் தள்ளி, இந்தக் குமிழில்தான் தொடங்குகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே இருந்துகொண்டு நூலை இழுப்பது போல. தசையை எலும்போடு கட்டும் கயிறுக்குத் தசைநாண் என்று பெயர். நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு தொங்கிவிடாமல் தூக்கிப் பிடிப்பது இந்தக் கூட்டம்தான். நாலு பேர் துணியை, ஒரு கை உடைந்த பையன் துணியையும் சேர்த்து, தினமும் பிழிந்தால் அந்தக் கயிறு நொந்துபோகும். வேலை செய்வது மணிக்கட்டு. வலிப்பது முழங்கை.

டென்னிஸ் என்ற பெயர் இங்கிலாந்தில் லான் டென்னிஸ் புதிதாகப் பரவிக்கொண்டிருந்த 1880-களில் வந்தது. அதற்கு முன்பே 1873-ல் ஒரு ஜெர்மானிய மருத்துவர் இதே வலியை எழுதி எழுதி அலுத்த கைகளில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். வீட்டுப்பாடம் எழுதாததற்கு இதைக் காரணம் சொல்லாதீர்கள். இது பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் வரும் வலி. சச்சின் டெண்டுல்கருக்கு இடது முழங்கையில் வந்தது. 2004-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட்களில் சிலவற்றை ஆட முடியாமல் போய், 2005-ல் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார்.

தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆறுவதில் மகா சோம்பேறி. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்த வலி உள்ள 198 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு கூட்டத்துக்குப் பிசியோதெரபி, மூன்றாவது கூட்டத்துக்கு ஆலோசனை சொல்லிவிட்டுச் சும்மா காத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரம் பார்த்தால் ஊசிக்காரர்கள் எங்கேயோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்கள்தான் கடைசி, பலருக்கு வலி திரும்பி வந்திருந்தது. முயலும் ஆமையும் ஞாபகம் வருகிறதா? ஆனால் இந்தக் கதையில் இரண்டு ஆமைகள். காத்திருந்தவர்களும் ஒரு வருஷத்தில் பிசியோதெரபிக்காரர்களை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டார்கள். இதை ஒரு பிசியோதெரபிஸ்ட்டே சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது! எங்கள் பக்கத்து ஆமை நடுவழியில் வலி குறைவாக நடந்தது என்பதுதான் எங்கள் பெருமை.

அந்த அம்மாவுக்கும் ஆமை வழிதான். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ந்த கையில் பிடித்து, மற்றக் கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, பாட்டிலை மெல்ல, ஐந்து எண்ணிக்கொண்டே, கீழே இறக்க வேண்டும். ஏற்றுவதில் அல்ல, இறக்குவதில்தான் பயிற்சி. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கக் கொடுக்கத் தசைநாணின் இழைகள் வரிசைக்கு வந்து பலப்படும். கூடவே ஒரு வழக்கத்தை மாற்றச் சொன்னேன். பையையோ பாத்திரத்தையோ தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கீழே பார்த்தால் நொந்த தசைக்குச் சுமை, மேலே பார்த்தால் பைசெப்ஸுக்குச் சுமை. நீங்களே ஒரு புத்தகப் பையை இரண்டு விதமாகவும் தூக்கிப் பாருங்கள். இன்னொன்றும் சொன்னேன், அதை மருந்துச் சீட்டில் எழுதியே கொடுத்தேன்: துணி பிழிவது இனி அப்பா.

வீட்டில் உங்களைவிடச் சின்னது ஏதாவது இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே ரேடியஸின் தலையை இடத்தில் பிடித்து வைத்திருக்கும் வளையம் போன்ற நார் இன்னும் இறுகியிருக்காது. தம்பிப் பாப்பாவை ஒரு கையைப் பிடித்துத் தூக்கினாலோ, கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினாலோ, தெருவில் வெடுக்கென்று இழுத்தாலோ அந்த நார் நழுவி உள்ளே மாட்டிக்கொள்ளும். குழந்தை வீறிட்டு அழும், அந்தக் கையை அசைக்காமல் தொங்கப் போட்டுக்கொள்ளும். டாக்டர் ஒரு நொடியில் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் அதே கையால் மிட்டாய் வாங்கும். வீட்டில் யாரும் திருகிப் பார்க்கக் கூடாது. பாப்பாவை இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

பொங்கலுக்கு மறுவாரம் அவன் நோட்டில் 10, 132 என்று எழுதினோம். அதற்கப்புறம் என்னிடம் வரத் தேவையில்லை என்றேன். "அந்தப் பத்து?" என்றான். வரலாம், ஒன்றிரண்டு டிகிரி வராமலும் போகலாம் என்றேன். முரளிதரனை நினைத்திருப்பான், ஒன்றும் கேட்கவில்லை.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் பாட்டியும் அவனும் ஒரு மஞ்சப்பையோடு வந்தார்கள். பை நிறையக் கொய்யா. யார் பறித்தது என்று கேட்டேன். பாட்டி சுவரைப் பார்த்தார். அவன் ஒரு பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு ஒரு கடி கடித்தான். சோத்துக்கையால். கோனியாமீட்டர் மேசைமேலேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை.